இணையத்துக்கேற்ப வீடியோவை மாற்றுதல்

பாடசாலை நாடகமொன்றை வீடியோ கமெராவில் பதிவு செய்து, தேவையற்ற பகுதிகளை வெட்டி, தலைப்பும் இசையும் சேர்த்து முடித்துவிட்டீர்கள் எனக் கொள்வோம். உங்கள் கணினியில் அது தடையின்றி ஓடுகின்றது. அதே கோப்பை இணையத்தில் இட்டால், பார்ப்பவரின் திரையில் நின்று நின்று ஓடலாம், திறக்காமலும் போகலாம். காரணத்தைக் கணக்கின் மூலம் விளங்கிக்கொள்வோம்.

1. ஏன் நெருக்க வேண்டும்?

1280 × 720 பிக்சல் கொண்ட ஒரு சட்டகத்தில் 921,600 பிக்சல்கள் உள்ளன. ஒரு பிக்சலுக்கு 24 பிற்று, செக்கனுக்கு 25 சட்டகம் எனின், ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 553 மெகாபிற்று தேவை. 5 நிமிடத்துக்கு இது ஏறத்தாழ 20.7 கிகாபைற்று ஆகும். கமெராவும் தொகுப்பு மென்பொருளும் ஓரளவு நெருக்கியே சேமிக்கின்றன. எனினும் அக்கோப்பும் இணையத்துக்குப் பெரும்பாலும் பெரிதே.

நெருக்கல் நடைபெறுவது எவ்வாறு? நாடக மேடையின் பின்திரை அசைவதில்லை. எனவே அதை ஒவ்வொரு சட்டகத்திலும் முழுமையாகச் சேமிக்காது, மாறும் பகுதிகள் மட்டும் பதியப்படுகின்றன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களும் நீக்கப்படுகின்றன.

2. கொள்கலனும் கோடெக்கும்

மாணவர் பலர் குழம்பும் இடம் இதுவே. கடிதவுறையைக் கொள்கலன் எனவும், உள்ளே கடிதம் எழுதப்பட்ட மொழியைக் கோடெக் எனவும் கருதுக. எம்.பி.4, ஏ.வி.ஐ. என்பன கொள்கலன்கள். எச்.264 என்பது வீடியோவுக்கான கோடெக்; ஏ.ஏ.சி. என்பது ஒலிக்கான கோடெக். கோப்புப் பெயரின் நீட்சியை மட்டும் மாற்றினால் உறையின் மேலுள்ள எழுத்தே மாறும்; உள்ளிருக்கும் மொழி மாறாது.

2000களில் இணைய வீடியோவைப் பார்க்கப் பெரும்பாலும் பிளாஷ் பிளேயர் தேவைப்பட்டது. அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 இறுதியில் நிறுத்தியது. எச்.264, ஏ.ஏ.சி. அடங்கிய எம்.பி.4 கோப்பை இன்றைய பிரதான இணைய மேலோடிகள் மேலதிக மென்பொருளின்றியே இயக்கும்.

3. பிற்று வீதம்

கோப்பின் அளவைத் தீர்மானிப்பது இதுவே.

கோப்பின் அளவு (பைற்று) = பிற்று வீதம் × நேரம் (செக்கன்) ÷ 8

வீடியோவுக்கு 2,400, ஒலிக்கு 128 என மொத்தம் 2,528 கிலோபிற்று/செக்கன் எனின், 5 நிமிடக் கோப்பு ஏறத்தாழ 95 மெகாபைற்று. 640 × 360 பிக்சலில் மொத்தம் 800 கிலோபிற்று/செக்கன் எனின் 30 மெகாபைற்று மட்டுமே. டேட்டாவுக்குக் காசு கொடுத்துப் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு பெரிது.

4. செய்முறை ஒழுங்கு

(அ) தொகுத்த வீடியோவை உயர்ந்த தரத்தில் மூலப்பிரதியாகச் சேமிக்கவும்.
(ஆ) ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் அதனைத் திறந்து, எம்.பி.4, எச்.264, ஏ.ஏ.சி. என்பவற்றைத் தெரிவு செய்யவும்.
(இ) பிரிதிறனையும் பிற்று வீதத்தையும் பார்ப்பவரின் இணைப்புக்கேற்பக் குறைக்கவும். சட்டக வீதத்தை மாற்ற வேண்டாம்.
(ஈ) இணையத்துக்கு உகந்ததாக்கும் தெரிவை இடவும். அப்போது கோப்பின் உள்ளடக்க அட்டவணை தொடக்கத்தில் வைக்கப்படும். கோப்பு முழுவதும் வந்து சேரும் முன்னரே படம் ஓடத் தொடங்கும்.
(உ) வேறொரு கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இயக்கிப் பார்க்கவும்.

கவனத்திற் கொள்க: என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் வன்தட்டில் இடமில்லையென மூலப்பிரதியை அழித்து, சிறிய இணையப் பிரதியை மட்டும் வைத்திருந்தார். பின்னர் பரிசளிப்பு விழாவில் பெரிய திரையில் காட்டியபோது நடிகர்களின் முகங்களே தெளிவில்லை. நெருக்கலில் இழந்ததை மீண்டும் பெரிதாக்குவதால் பெற முடியாது. மாற்றுவது எப்போதும் பிரதியையே, மூலத்தை அழிக்காதீர்கள்.

மாதிரி வினா

மொத்தப் பிற்று வீதம் 1,000 கிலோபிற்று/செக்கன் உடைய 4 நிமிட வீடியோவின் கோப்பு அளவு யாது? 800 கிலோபிற்று/செக்கன் வேகமுள்ள இணைப்பில் அது தடையின்றி ஓடுமா?

விடை

1,000 × 240 ÷ 8 = 30,000 கிலோபைற்று, அதாவது 30 மெகாபைற்று.
கோப்பு வந்து சேர 1,000 × 240 ÷ 800 = 300 செக்கன் தேவை. வீடியோவோ 240 செக்கனே ஓடும். ஆகவே இடையில் தடைப்படும்.

இணைப்பு வேகம் பிற்றிலும் கோப்பின் அளவு பைற்றிலும் தரப்படும். 8 ஆல் வகுக்க மறந்தால் முறை சரியாயிருந்தும் விடை பிழைக்கும். அலகை எழுதிய பின்னரே கணக்கைத் தொடங்குங்கள்.