பழவேற்காட்டு ஏரிக்கரை மண் வகைகளும் அவற்றிற்கேற்ற பயிர்களும்

நிலத்தின் குணமறிந்து பயிரிட வேண்டுமென்பதை அறியாத உழவர் இலர். ஆயினும், சிறு எல்லைக்குள் பலவகை மண் கலந்து கிடக்கும் ஊர்களில், அண்டை நிலத்தார் வைத்ததையே தாமும் வைத்துப் பொருளிழப்போர் பலர். திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய தோணிரேவு முதலிய ஊர்களையும், அவற்றை அடுத்த உழவு நிலங்களையும் சேர்த்து நோக்கினால் மூவகை மண் காணப்படும். அவை கடலோர மணல், ஏரியோர உவர்மண், ஆரணியாறு படிய வைத்த வண்டல் ஆகியன.

1. மணல்: இது நீரையும் உரத்தையும் நிறுத்தி வைக்கும் ஆற்றலற்றது, வேர் எளிதில் இறங்கும். சவுக்கு, தென்னை, பனை, முந்திரி ஆகியவை இதற்கேற்ற மரங்கள். சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கிரகித்துக் கொடுப்பதால், அது வளமற்ற மணலிலும் செழிக்கிறது. முந்திரி, நீர் தேங்கும் பள்ளத்திலும் உப்பேறிய இடத்திலும் நிலைக்காது. மேட்டு மணலிலேயே அதை வைத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மார்கழி, தை மாதங்களில் குழியெடுத்து, மக்கிய எரு இட்டுத் தர்ப்பூசணி விதைக்கலாம். தென்னைக்கு 3 அடி நீள அகல ஆழத்தில் குழி தோண்டி, அடியில் தேங்காய் மட்டைகளைப் பரப்பினால் ஈரம் நிற்கும். உரத்தை ஒரே முறையில் இடாமல் சிறிது சிறிதாகப் பன்முறை இடுக. நன்னீர் ஏரியின் வண்டலை மணலில் கலப்பது மிகுந்த நன்மை தரும். பழவேற்காட்டு ஏரிச் சேற்றைக் கொண்டுவந்து கொட்டுவதோ உப்பை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

2. உவர்மண்: கோடையில் மேற்பரப்பில் வெண்மையாய் உப்புப் பூப்பதும், உமரிச்செடி தானாக முளைப்பதும் இதன் அடையாளங்கள். உவரும் களரும் ஒன்றெனக் கருதி ஜிப்சம் வாங்கி இறைப்போர் உளர். இவை வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு. உவரில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். களரில் சோடியம் மண்துகள்களைப் பற்றிக்கொண்டு, மண்ணை இறுகச் செய்யும். ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீர் ஊற்றி, ஒரு பிடி மண்ணைக் கலக்கி வைத்தால் வேற்றுமை பெரும்பாலும் புலனாகும். உவர்மண் விரைவில் படிந்து நீர் தெளியும். களர்மண்ணில் நீர் நெடுநேரம் கலங்கியே நிற்கும். களருக்கு ஜிப்சம் தக்க மருந்து. உவருக்கு வேண்டுவது நன்னீரும் வடிகாலுமே. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்புக் கரைந்தபின் வடித்துவிடுதல் வேண்டும். ஏரி நீர் ஏறிப் புகும் தாழ்விடங்களில் கரை காக்கப்படாவிடில் இம்முயற்சியும் வீணே.

உப்புக் குறைந்தபின் தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ வீதம் விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுக. பின்னர் உப்பை ஓரளவு தாங்கும் கோ 43 போன்ற நெல்லை நடலாம். இளநாற்று உப்புக்கு எளிதில் மடியுமாதலால், சற்று முற்றிய நாற்றைக் குத்துக்கு மூன்று நான்காக நெருக்கி நடுவது நலம். வீட்டுக் கொல்லையில் சப்போட்டா, இலந்தை, புங்கு, பீட்ரூட் ஆகியவை ஓரளவு உப்பைத் தாங்கும். அவரை, வெங்காயம், எலுமிச்சை ஆகியவை தாங்கமாட்டா.

3. வண்டல்: நெல்லுக்கும் காய்கறிக்கும் இது சிறந்தது. பாசன நீர் உப்பாக மாறினால் இதுவும் உவராகிவிடும் என்பதை மறத்தலாகாது.

இம்மூவகை மண்ணுக்கும் பொதுவான ஆபத்து ஒன்றுண்டு. கடலோர மணலினடியில் மழையால் சேர்ந்த நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்கு ஓரடி மேலிருப்பின், கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அவ்வோரடி இறைத்துக் குறைக்கப்பட்டால், காலப்போக்கில் உப்புநீர் அந்த 40 அடியும் மேலேறும். மீஞ்சூர்ப் பக்கத்தில் 1960-களுக்குப் பின்னர் குடிநீருக்கும் தொழிலுக்கும் பாசனத்திற்குமாக அளவின்றி நீர் இறைக்கப்பட்டதால், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. ஆகவே ஏரிக்கரையார் ஆழ்குழாய் இறக்குவதைவிட, ஆழமற்ற ஊற்றுக் கிணற்றிலிருந்து சிறுகச் சிறுக இறைப்பதே தக்கது. குறைந்த நீரில் வாழும் பயிரைத் தேர்ந்தெடுப்பது கிணற்றைக் காக்கும் வழியுமாகும்.

பயிரைத் துணியுமுன் மண்ணையும் கிணற்று நீரையும் சோதிப்பித்தல் வேண்டும். அறுவடைக்குப்பின் கோடையில், வயலில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் அரையடி ஆழம்வரை மண்ணெடுத்துக் கலந்து, அரைக் கிலோ அளவு மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புக. மணலையும் உவரையும் ஒன்றாகக் கலந்தனுப்பினால் எந்நிலத்திற்கும் பொருந்தாத விடையே கிட்டும். மின்கடத்து திறன் 4 டெசிசீமன்சுக்கு மேற்பட்டால் உவர் நிலம். கார அமில நிலை 8.5-க்கு மேற்பட்டால் களரென ஐயுற்று மேலும் ஆராய்க.

கிராம நிர்வாக அலுவலரும் ஊர்ப் பெரியோரும் வடிகால்கள் தூர்ந்துபோகாமலும் ஆக்கிரமிக்கப்படாமலும் காப்பது கடமை. ஒருவர் வயலின் வடிகால் அடைபட்டால், அதன் உப்பு அடுத்தவர் வயலிலும் பூக்கும்.