ஒரு விண்ணப்பம், மூணு செயலி

‘விவசாயிக்கு எதுக்குங்க பெரிய போன்?’னு கடைக்காரர் கேட்டார். சொட்டுநீர் மானியத்துக்கு விண்ணப்பிக்கும் வரை நானும் அப்படித்தான் நினைச்சேன்.

பென்னாகரம் பக்கம் மானாவாரி நிலம் அதிகம். கிணத்துல இருக்கிற தண்ணியைக் கணக்காத்தான் விடணும். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவங்களுக்கு 75 சதவீதம் மானியம் உண்டு. பெயர், சர்வே எண் எல்லாம் நிரப்பினேன். ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பினா, படிவம் காலியா நின்னுது. மூணு தடவை!

காரணம் இதுதான்: 2 ஜிபி ரேம் போனில் இடம் பத்தலைன்னா, பின்னால் இருக்கும் செயலியை ஆண்ட்ராய்டு தானே மூடிடும். பாட்டும் விளையாட்டும் ஒரே நேரத்துல நமக்கு வேணாம். ஆனா ஒரு விண்ணப்பத்துக்கே படிவம், குறுஞ்செய்தி, கேமரான்னு மூணு வேணுமே!

அதனால மற்ற செயலிகளை முதல்ல மூடுங்க. சிட்டா, அடங்கலை முன்கூட்டியே படம் எடுத்து வையுங்க. திரையின் மேலே ஓடிபி தெரியும்போதே தாளில் குறிச்சுக்குங்க. வீட்டில் பட்டன் போன் இருந்தா, ஓடிபி வரும் சிம்மை அதில் போட்டுக்குங்க.

படிவம் தயாரிப்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாதி நிரப்பியது அழியக் கூடாது.