தீவுக் கிணறும் ஆய்வுகூடமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மேற்கே, ஊர்காவற்றுறைக்கு வடமேற்கே, அனலைதீவுக்கு அயலில் கிடக்கும் சிறு நிலம் எழுவைதீவு. அங்கே ஆறு இல்லை, மலையும் இல்லை. பனையும் சுண்ணக்கல்லும் கடலும் மாரி மழையுமே அத்தீவின் செல்வங்கள். அத்தகைய தீவில் பிறந்த மாணவன் ஒருவன் தோணியேறி ஊர்காவற்றுறையை அடைந்து, வேலணையையும் பண்ணைப் பாலத்தையும் கடந்து, திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயிலச் செல்கிறான் என்று கொள்வோம். முதலாண்டின் இரண்டாம் அரையாண்டில் அவன் எதைப் படிக்கிறான்? அப்படிப்பு அவனுடைய வீட்டுக் கிணற்றுக்கு எவ்வாறு உறவாகிறது?

முதல் அரையாண்டில் அணுவின் அமைப்பு, பிணைப்பு, எவ்வளவு பொருளிலிருந்து எவ்வளவு பொருள் விளையும் என்னும் கணக்கு ஆகியவை கற்பிக்கப்படுவது பொது வழக்கம். அங்கே தாக்கம் தொடங்கினால் முடிவுவரை செல்லும் என்று மாணவன் எண்ணிக்கொள்கிறான். இரண்டாம் அரையாண்டு அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. தாக்கம் எவ்வளவு விரைவாக நிகழும், எந்த இடத்தில் நிற்கும், நின்றபின் அதனை எவ்வாறு முன்னோ பின்னோ நகர்த்தலாம் என்பவையே அப்போது எழும் வினாக்கள். தாக்கவீதம், சமநிலை, அமிலமும் மூலமும், கரைதிறன் பெருக்கம், மின்னிரசாயனம் என்பன அவ்வினாக்களுக்கு விடைகூறும் பகுதிகள். முதற்பகுதியில் திறமை காட்டியவர்களிற் பலர் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் இந்த மாற்றமேயாகும்.

சமநிலை என்பது யாது? தீவின் அடித்தளம் சுண்ணக்கல், அதாவது கல்சியம் காபனேற்று. தூய நீரில் அது மிகச் சிறிதளவே கரையும். ஆனால் மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அந்நீர் கல்லைக் கரைத்து, கல்சியம் அயன்களையும் இருகாபனேற்று அயன்களையும் உண்டாக்குகிறது. அதே வேளையில் அவ்வயன்கள் மீண்டும் கூடிக் கல்லாகவும் மாறுகின்றன. இவ்விரு செயல்களும் ஒரே வேகத்தில் நிகழும் நிலையே சமநிலை. வெளிப்பார்வைக்கு அது அமைதி. உள்ளே ஓயாத இயக்கம்.

அந்நீரைக் கேத்தலில் கொதிக்கவைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. 1884ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் இலச்சற்றலியே வகுத்த தத்துவத்தின்படி, சமநிலை அவ்விழப்பை ஈடுசெய்யும் திசையில் நகர்கிறது. கரைந்த கல் மீண்டும் கல்லாகிக் கேத்தலின் அடியில் வெள்ளைப் படையாகப் படிகிறது. வீட்டுப் பெண்கள் நாள்தோறும் சுரண்டியெடுக்கும் அப்படை, பாடநூலில் பல பக்கங்கள் விளக்கும் ஒரு தத்துவத்தின் கண்கண்ட சான்றாகும். கொதித்தலால் நீங்கும் இதனைத் தற்காலிக வன்மை என்பர். சல்பேற்று, குளோரைட்டு ஆகியவற்றால் ஏற்பட்டுக் கொதித்தாலும் நீங்காதது நிரந்தர வன்மை.

இவ்வன்மையை அளப்பது ஆய்வுகூடத்தின் வேலை. அளவான நீரைக் குழாயியால் எடுத்துக் கூம்புக் குடுவையில் இட்டு, அமோனியாவும் அமோனியங் குளோரைட்டும் சேர்ந்த தாங்கற் கரைசலால் அதன் பீஎச் பெறுமானத்தை 10 ஆக்குவர். காட்டியைச் சேர்த்ததும் நீர் திராட்சை இரசத்தின் செந்நிறம் பெறும். அளவியிலிருந்து ஈ.டி.ரீ.ஏ. கரைசலைத் துளித்துளியாக விட, கல்சியமும் மகனீசியமும் முற்றாகப் பிணைக்கப்பட்ட கணத்தில் செந்நிறம் மறைந்து நீலம் தோன்றும். தாங்கற் கரைசல் எதற்கு? ஈ.டி.ரீ.ஏ. உலோக அயனைப் பற்றும்போது ஐதரசன் அயனை வெளிவிடுகிறது. அதனைத் தாங்கற் கரைசல் உறிஞ்சாவிடில் குடுவை அமிலமாகி, முடிவுப்புள்ளி மயங்கிவிடும். வகுப்பறையில் தனிப்பாடமாகத் தோன்றிய ஒன்று இங்கே மற்றொன்றின் காவலாக நிற்பதை மாணவன் காண்கிறான்.

உவர்ப்பை அளப்பதற்கு வேறொரு நியமிப்பு உண்டு. ஜெர்மானிய அறிஞர் மோர் பெயரால் வழங்கும் அம்முறையில், கிணற்று நீருடன் மஞ்சள் நிறப் பொற்றாசியம் குரோமேற்றைச் சிறிது சேர்த்து, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலால் நியமிப்பர். முதலில் வெள்ளிக் குளோரைட்டு வெண்ணிற வீழ்படிவாக இறங்கும். குளோரைட்டு தீர்ந்தபின்னரே வெள்ளிக் குரோமேற்றின் செங்கல் நிறம் தோன்றும்.

இங்கே மாணவனை மயக்கும் ஓர் இடம் இருக்கிறது. 25 பாகை செல்சியசில் வெள்ளிக் குளோரைட்டின் கரைதிறன் பெருக்கம் ஏறத்தாழ 1.8 × 10⁻¹⁰. வெள்ளிக் குரோமேற்றினுடையதோ ஏறத்தாழ 1.1 × 10⁻¹². சிறிய எண்ணையுடையதல்லவா முதலில் வீழ்படிய வேண்டும் என்று அவன் கேட்கிறான். அவ்வெண்களை நேராக ஒப்பிடலாகாது. குரோமேற்று ஒன்றுக்கு இரண்டு வெள்ளி அயன்கள் தேவை. ஆகையால் அதன் கணக்கில் வெள்ளியின் செறிவு வர்க்கிக்கப்படுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், குரோமேற்று வீழ்படிவதற்கு வேண்டிய வெள்ளியின் செறிவு மிகக் கூடுதலானது என்பது புலனாகும். சூத்திரத்தை மனனம் செய்தவன் இவ்விடத்தில் தவறுவான். அதன் பொருளை அறிந்தவன் தப்புவான்.

அளவீட்டின் ஒழுக்கமும் இதனோடு சேர்ந்தே கற்கப்படுகிறது. 50 மில்லிலீற்றர் நீருக்கு 0.0200 மோலர் வெள்ளி நைத்திரேற்று 20.0 மில்லிலீற்றர் செலவானால், ஒரு லீற்றரில் ஏறத்தாழ 284 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. குடிநீரில் 250 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் உவர்ச்சுவை நாவுக்குப் புலப்படத் தொடங்கும். கண்ணை அளவியின் மட்டத்திற்கு நேராக வைக்காதவனும், அளவியின் நுனியிலுள்ள காற்றுக் குமிழியைக் கவனியாதவனும் ஒரு மில்லிலீற்றர் பிழைவிட்டால், விடை 14 மில்லிகிராமால் பிறழும். இது நூலை வாசித்துப் பெறும் அறிவன்று. கையும் கண்ணும் பழகிப் பெறுவது. காற்றுக் கடுமையால் தோணி ஓடாத நாளில் தவறிய விரிவுரையை நண்பனின் குறிப்பேட்டிலிருந்து எழுதிக்கொள்ளலாம். தவறிய செய்முறையை எழுதிக்கொள்ள இயலாது.

தாக்கவீதத்திற்கும் தீவிலேயே உதாரணம் உண்டு. பனையிலிருந்து இறக்கும் சாறு வெறும் முட்டியில் வடிந்தால் விரைவிற் புளித்துக் கள்ளாகும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருந்தால் இனிய கருப்பநீராகவே நிற்கும். நொதித்தலை நடத்தும் மதுவத்தின் நொதியங்கள் சுண்ணாம்பின் மிகைக் காரத்தன்மையில் தொழிற்பட மாட்டா. இனிப்பு அழிவதற்குரிய தாக்கம் இல்லாமற் போகவில்லை. அதன் வேகமே தடுக்கப்பட்டது. எது நிகழக்கூடியது, எது விரைவாக நிகழ்வது என்னும் வேறுபாட்டைச் சீவற்றொழிலாளி சொற்களின்றியே அறிந்திருந்தான்.

இவ்வறிவைத் தமிழிற் சொல்லும் முயற்சி யாழ்ப்பாணத்திற்குப் புதியதன்று. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் மேனாட்டு விஞ்ஞானம் போதிக்கப்பட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலே மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியில் உருவான 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. இன்றும் பாடசாலையில் தமிழில் இரசாயனம் கற்ற மாணவன், பல்கலைக்கழகத்தில் அதனையே ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறான். ஒரே பொருளை இரு சொற்களில் அறிந்தவனாய் ஊருக்குத் திரும்பும் அவனே, ஆய்வுகூடத்தின் விடையைக் கிணற்றடியில் விளக்கக்கூடியவன்.

அவன் விளக்கவேண்டியது அற்பமானதன்று. சுண்ணக்கல் தீவின் நன்னீர், கடல்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கிறது. இது அடர்த்தியால் அமைந்த வேறு வகைச் சமநிலை. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்திற்கு மேலே ஓர் அடி உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. இறைப்பு இயந்திரத்தால் மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தி வைத்தால், உவர்நீர் நாளடைவில் 40 அடி மேலெழ இடமுண்டு. கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு இருப்பதால், 75 குடம் நன்னீரின் சுவையைக் கெடுக்க ஒரு குடம் கடல்நீரே போதும். அவ்வாறு கெட்டதை ஒரு மாரி மழை திருத்திவிடும் என்று எண்ணலாகாது.

ஆகவே மாரி முடிந்த தை மாதத்தில் ஒரு முறையும், வரட்சி முற்றிய ஆவணியில் ஒரு முறையும் அதே கிணற்றின் நீரை நியமித்து, விடையைத் திகதியுடன் எழுதிவைப்பது பயனுள்ளது. சில ஆண்டுகள் இவ்வாறு எழுதப்பட்ட குறிப்பேடு, நாக்கு உணர்வதற்கு முன்பே உவர் நெருங்குவதைக் காட்டிவிடும். செங்கல் நிறம் தோன்றும் அந்த ஒரு துளியைச் சரியாகக் கண்டறியப் பழகிய கண்ணுக்கு, அது கடினமான வேலையன்று.