பதற்றத்துக்கான மாத்திரையை நாமே நிறுத்தலாமா, நாமே மீண்டும் தொடங்கலாமா?

"இப்போ நல்லாத்தானே இருக்கேன், இனி எதுக்கு மாத்திரை?" மனப்பதற்றத்துக்குச் சிகிச்சை பெறும் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வரும். கெடாவில் வேறு காரணங்களும் சேரலாம். கூலிமில் ஷிஃப்ட் வேலை என்றால், அப்பாயிண்ட்மெண்ட் அன்று லீவு கிடைப்பது சிரமம். தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிக்குப் போக வண்டி வேண்டும். "மாத்திரை பழகிப் போயிடும்" என்று வீட்டில் பயமுறுத்துவார்கள்.

காரணம் எதுவானாலும், மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது நல்லதல்ல.

நிறுத்தினால் என்ன ஆகும்?

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படுபவை. மூளை அவற்றுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். சிலருக்குத் தலைக்குள் கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும். இத்தகைய மருந்துகளை நிறுத்துவோரில் ஏறக்குறைய ஆறு, ஏழு பேரில் ஒருவருக்கு, நிறுத்தியதாலேயே அறிகுறிகள் வருவதாக 2024-இல் 'தி லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

அல்பிரசோலாம், லோராசெபாம், குளோனசெபாம் வேறு வகை. இவற்றைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

நோய் திரும்பிவிட்டதா?

மருந்தை நிறுத்திய சில நாள்களிலேயே, முன்பு இல்லாத தலைசுற்றலோ அந்தக் கரண்ட் உணர்வோ வந்தால், பெரும்பாலும் அது நிறுத்தியதன் விளைவு. பழைய பதற்றம் பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்லத் திரும்பும். இரண்டையும் பிரித்தறிவது டாக்டருக்கே சில நேரம் கடினம். அதனால், நிறுத்திய தேதியை மறைக்காமல் சொல்லுங்கள்.

விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?

ஒரு வேளை மறந்ததற்காக அடுத்த வேளை இரண்டாகச் சாப்பிட வேண்டாம். பல நாள் விட்டிருந்தால், பழைய அளவுக்கு நேராகத் திரும்பும் முன் டாக்டரையோ மருந்தாளரையோ கேளுங்கள். முதல் வகையில் குமட்டலும் படபடப்பும் மறுபடி வரலாம். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இரண்டாம் வகையில் உடல் பழக்கம் விட்டுப்போயிருக்கும். பழைய அளவே அதிக மயக்கம் தரலாம். அதோடு மது குடிப்பதும் மோட்டார் ஓட்டுவதும் ஆபத்து.

25 வயதுக்கு உட்பட்டவர்கள் மருந்தைத் தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

நிறுத்த விரும்பினால் டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ படிப்படியாகக் குறைக்க அவர் திட்டம் தருவார்.

தூரம்தான் பிரச்சினை என்றால், அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் 'எஸ்.பி.யு.பி.' பற்றிக் கேளுங்கள். மீதி மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலேயே வாங்கும் வசதி அது. எல்லா மருந்துக்கும் பொருந்தாது என்பதால், கையிருப்பு தீரும் முன்பே விசாரியுங்கள்.

வலிப்பு, கடும் குழப்பம், தற்கொலை எண்ணம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், 999-ஐ அழையுங்கள். மனம் விட்டுப் பேச, சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை: 15555.