நாற்றங்கால் பேணிய ஆசான்

காவிரிப் படுகையின் உழவர் நாற்றங்காலின் அருமையை நன்கறிவர். நாற்று நலிந்தால் வளமான நன்செய்யிலும் கதிர் செழிப்பதில்லை. விளையாட்டிற்கும் இவ்வுண்மை பொருந்தும். இந்தியக் கால்பந்தாட்டத்தின் நாற்றங்காலைப் பேணியவர், ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் என்னும் பள்ளி ஆசிரியர் ஆவார்.

ரகீம் 1950 முதல் 1963 வரை இந்திய அணியின் பயிற்றுநராக விளங்கினார். வகுப்பறையில் மாணவரின் குறையறிந்து கற்பிக்கும் முறையையே அவர் ஆடுகளத்திலும் கையாண்டார். வலக்காலையே நம்பி ஆடியோர் இடக்காலாலும் பந்தைச் செலுத்தப் பழகுமாறு, வலுக்குறைந்த காலால் மட்டும் ஆடும் போட்டிகளை நடத்தினார். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமனின் திறமையை இனங்கண்டார். வறுமையால் நாள்தோறும் பயிற்சிக்கு வர இயலாத அவ்விளைஞருக்கு மிதிவண்டி கிடைக்க வழிசெய்தார்.

தோல்வியும் அவருக்குப் பாடமாயிற்று. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யுகோசுலாவியாவிடம் 1–10 என வீழ்ந்தது. அன்று நம் வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அதன்பின் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாயிற்று. நான்கே ஆண்டுகளில், மெல்போர்னில், ஆஸ்திரேலியாவை 4–2 என வென்று, ஒலிம்பிக் கால்பந்தாட்ட அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடாக இந்தியா உயர்ந்தது.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. பின்னர்த் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் இடப்பட்டது. அவர் கல்லூரி நாள்களில் முன்கள வீரராக ஆடியதை நினைவில் கொண்ட ரகீம், அவரை முன்களத்தில் நிறுத்தினார். செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியாவே எதிர்நின்றது. பார்வையாளர் பெருந்திரளாக இந்தியாவுக்கு எதிராக முழங்கினர். பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, இந்தியா 2–1 என வென்று தங்கம் பெற்றது.

அப்போதே புற்றுநோயால் வாடிய ரகீம், 1963 ஜூன் 11 அன்று மறைந்தார். அதன்பின் ஆசியக் கால்பந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்கு மீண்டும் வாய்க்கவில்லை. தனித்திறன் மிக்க வீரர்கள் பின்னரும் தோன்றினர். ஆயினும், குறையறிந்து திருத்தும் ஆசானும் நாள்தோறும் பழகத் திடலும் அமைந்தாலன்றி அத்திறன் அணியின் வலிமையாகாது. வெற்றியின் விளைச்சலை வேண்டுவோர், பள்ளித் திடலாகிய நாற்றங்காலை முதலில் பேணுதல் வேண்டும்.