பெயர் மாறாமல் மொழி மாறுமா?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் தமிழரும், அங்கே கணக்கெழுதும் குமாஸ்தாவும் ரேஷன் கார்டு, சான்றிதழ் முதலியவற்றுக்கு இன்று அட்சயா மையத்தைத் தேடிப் போகிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் திரையில் வருவது பெரும்பாலும் மலையாளமும் ஆங்கிலமும்தான். பேசினால் புரிகிற மலையாளம், எழுத்தில் வந்தால் பலருக்குப் புரிவதில்லை.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே ஒரு வழி செய்தது. இங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தத்தம் மொழியில் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்றது. காகிதத்தில் கிடைத்த அந்த உரிமை திரையிலும் கிடைக்குமா என்பதே இப்போதைய கேள்வி.

கிடைக்கச் செய்வது கடினமல்ல. கம்ப்யூட்டருக்கான கட்டளைகளோடு 'பெயர்', 'முகவரி' போன்ற சொற்களைக் கலந்து எழுதாமல், தனிப் பட்டியலாக வைத்துவிட வேண்டும். மொழிக்கு ஒரு பட்டியல். உபயோகிப்பவர் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பட்டியல் திறக்கும். கட்டளைகளில் கை வைக்க வேண்டியதில்லை. 2002-ல் தொடங்கிய 'ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்ற தொண்டர் குழு மலையாளத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் செய்த பணிகளில் இத்தகைய பட்டியல்களை மொழிபெயர்த்ததும் ஒன்று.

எழுத்துக்களும் இதற்கு ஒத்துழைக்கின்றன. யூனிகோடு முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழ் 'க'வின் எண் 2965. மலையாளக் 'க'வின் எண் 3349. வித்தியாசம் 384. 'ழ'வுக்கும் அதே 384 தான். இந்திய மொழி எழுத்துக்களை ஒரே வரிசையில் அடுக்கியதால் வந்த ஒற்றுமை இது.

ஆனால் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. தமிழில் 'க' ஒன்றே. மலையாளத்தில் அதற்கு நான்கு எழுத்துக்கள். வெறும் 384-ஐக் கூட்டிப் பெயரை மாற்றினால், 'கணேசன்' என்பதன் முதல் எழுத்து 'கடல்' என்பதில் வரும் 'க' ஆகிவிடும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பாங்க் புத்தகத்தில் வேறு பெயர் என்றாகி, பென்ஷனுக்காக ஒருவர் ஆபீஸ் ஆபீஸாக அலைய நேரும்.

எனவே பட்டியலை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. பெயரை இரு எழுத்துக்களிலும் தனித்தனியே பதிவு செய்ய இடம் வேண்டும். இரு மொழியும் தெரிந்தவர் அதைச் சரிபார்க்க வேண்டும். அதுவரை, மனுவை அனுப்பும் முன் தம் பெயரை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது.