உங்களுக்குத் தெரியுமா? டிரம்முக்குள் ஒரு தோட்டம்

மொட்டை மாடியில் முருங்கையைத் தாங்கி நிற்கும் நீல நிற 200 லிட்டர் டிரம், அங்கே வருவதற்கு முன் எங்கோ வேலை பார்த்து ஓய்வு பெற்றது. ஊறுகாய், குளுக்கோஸ் பாகு, சோப்புத் திரவம், அமிலம், சாயம் என்று எதை அடைத்தாலும் டிரம் அதே நீலம்தான். ஆகவே நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. காயலான் கடையில் கேட்டால் “எல்லாம் கழுவுனதுதான் சார்” என்பார்கள். ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். லேபிள் கிழிந்து, நெடியும் அடித்தால் நடையைக் கட்டுங்கள். பூச்சிமருந்து வந்த டிரம்மை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நான் வாங்கியது ஊறுகாய் டிரம். மூன்று நாள் சோப்பு போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்த பிறகும் மூடியின் திருகுமரைக்குள் பெருங்காயம் மணத்தது. அந்த மணம் இருந்ததால்தான் தைரியமாகக் கீரை விதைத்தேன்.

*

டிரம், பக்கெட், கேன்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். அது தரவரிசையும் அல்ல, எத்தனை முறை மறுசுழற்சி செய்யலாம் என்ற கணக்கும் அல்ல. என்ன வகை பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்லும் குறி. 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. நீல டிரம்மில் பெரும்பாலும் 2 இருக்கும், பெயிண்ட் பக்கெட்டில் 5. செடி வளர்க்க இரண்டுமே நல்லவை. 3 என்றால் பி.வி.சி.; கீரை, காய்கறிக்கு நான் தொடுவதில்லை.

*

ஒரே டிரம்மை இரண்டு விதமாக வெட்டலாம். குறுக்கே வெட்டினால் முக்கால் முழம் ஆழத்துக்குமேல் இரண்டு தொட்டி கிடைக்கும். எலுமிச்சை, முருங்கை, பப்பாளி நடலாம். நெடுக்கே பிளந்தால் தொட்டில் மாதிரி இரண்டு கிடைக்கும். கொள்ளளவு மாறாது, ஆனால் விதைக்கும் பரப்பு இரண்டு மடங்கு. கீரைக்கு ஓர் அரையடி மண் போதும் என்பதால் தொட்டில்தான் லாபம். உருளாமல் இருக்க இருபுறமும் செங்கல் வைத்துவிடுங்கள்.

*

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம்புகிறோம். நடப்பது தலைகீழ். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்து நன்றாக நனையுங்கள். உள்ளங்கையில் படுக்கையாக வைத்தால் கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இனிச் சொட்டாது என்று தெரிந்தபின், பிழியாமல் அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் மளமளவென்று சொட்டும்! ஸ்பாஞ்ச் அதேதான், உயரம் மட்டுமே கூடியிருக்கிறது.

மண்ணும் ஸ்பாஞ்ச்தான். எந்தத் தொட்டியிலும் அடியில் ஓர் அடுக்கு சொதசொதவென்றே இருக்கும். அந்த அடுக்கின் கனத்தை மண்ணின் தன்மை தீர்மானிக்கிறது, தொட்டியின் உயரம் அல்ல. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே தேங்கும். மூன்று அங்குலம் ஜல்லி போட்டால் சொதசொதப்பு மூன்று அங்குலம் மேலே ஏறி, வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். நானும் ஒரு காலத்தில் பக்கெட் பக்கெட்டாக ஜல்லி சுமந்து மாடியேறியவன்தான், முதுகுவலிதான் மிச்சம். துளை அடைக்காமல் இருக்க ஒரு கொசுவலைத் துண்டு போதும். உயரமான டிரம்மில் செடி அழுகுவது குறைவாக இருப்பதற்கும், சொதசொதப்பான அடுக்கு வேருக்கு வெகு கீழே நின்றுவிடுவதே காரணம்.

*

குறுக்கே வெட்டிய அரை டிரம்மில் ஈரச் செம்மண் நிரப்பினால் 160, 170 கிலோ இருக்கும். அது உட்காரும் இடமோ கால் சதுர மீட்டர். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875 வைத்திருக்கும் கணக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஆகவே டிரம்களை மாடியின் நட்டநடுவில் கூட்டம் கூட்டாதீர்கள். கீழே சுவரோ உத்தரமோ போகும் கோட்டுக்கு மேலே, ஓரமாக, இடைவெளி விட்டு வையுங்கள். பழைய வீடு என்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு வைப்பது உத்தமம்.

*

எடையைக் குறைக்கத்தான் தென்னை நார்க்கழிவு. 5 கிலோ கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டால் 60, 70 லிட்டருக்குப் பொங்கிவிடும். ஆனால் அதில் உப்பு இருக்கும். முதல் தண்ணீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். இரண்டு மூன்று முறை மாற்றி, நிறம் வெளுத்தபின் கலந்தால்தான் நாற்றின் நுனி கருகாது.

*

பழைய வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் துருப்பிடிக்காத எஃகு டிரம்மில் துளைகள் ஏற்கெனவே போட்டிருக்கும். இதைவிடத் தயாரான தொட்டி கிடையாது. என்ன, காயலான் கடைக்காரருக்கும் அதன் மதிப்பு தெரியும்.

*

ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அந்த இனத்தைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசு 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குடியேறியிருப்பது தெரியவந்தது. ஆசியாவிலிருந்து கப்பலில் போன பழைய டயர்களோடு பயணம் செய்து போயிருக்கிறது! டயரில் செடி வைப்பவர்கள் வளைவுக்குள் தண்ணீர் நிற்காதபடி அடியில் துளை போட வேண்டும். டயர் ரப்பரில் துத்தநாகமும் உண்டு. மண்ணில் மெல்ல இறங்கும். நான் டயரில் செம்பருத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

*

கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் சாக்குமூட்டைதான் வயல். அடி இல்லாத டின் ஒன்றைச் சாக்கின் நடுவில் நிறுத்தி, அதற்குள் கல்லும் சுற்றிலும் மண்ணும் போடுவார்கள். பிறகு டின்னை உயர்த்தி, மறுபடி நிரப்பி, உயர்த்தி... கடைசியில் நடுவே கல்தூண் நிற்கும். மேலே ஊற்றும் தண்ணீர் அதன் வழியாக எல்லா உயரத்துக்கும் போகும். சாக்கின் பக்கவாட்டில் ஓட்டை போட்டுக் கீரை நாற்றுகளைச் செருகுவார்கள். அடியில் ஒரு சாக்கு அளவு இடம், அறுவடையோ நான்கு பக்கமும்.

*

பெர்லினில் 2009-இல் தொடங்கிய ‘பிரின்சஸின்னென்கார்டன்’ தோட்டத்தில் செடிகள் வளர்ந்தது பேக்கரி பிளாஸ்டிக் பெட்டிகளிலும் அரிசிப் பைகளிலும். வாடகை நிலம், கிளம்பச் சொன்னால் தோட்டத்தையே தூக்கிக்கொண்டு போகலாம். வாடகை வீட்டுக்காரர்கள் கவனிக்க!

*

சிமெண்ட் பை மாடி வெயிலில் வெகுநாள் தாங்காது. சில மாதங்களில் தொட்டாலே நார்நாராய் உதிர்ந்து மண்ணோடு கலந்துவிடும்.

*

விதைப் பாக்கெட்டில் இருக்கும் பி.கே.எம்., பி.எல்.ஆர்., கோ எல்லாம் ஊர்ப் பெயர்களே. முறையே பெரியகுளம், பாலூர், கோயம்புத்தூர். ரகம் பிறந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இடம். டிரம்முக்குத் தோதானது பி.கே.எம். 1 முருங்கை. விதை போட்ட வருடமே காய்க்கும். ஆனால் இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும்; அப்போதுதான் பக்கக் கிளை வெடிக்கும். நான் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் எங்கள் டிரம் முருங்கை அந்த உயரத்தைத் தாண்டிவிட்டது. இப்போது பக்கத்து வீட்டுச் சன்ஷேடுக்கு மேலே போய்க் காய்க்கிறது. அந்த வீட்டு மாமி சாம்பாருக்குப் பறித்துக்கொள்கிறார். தண்ணீர் ஊற்றுவது மட்டும் இன்னும் எங்கள் பொறுப்புதான்.